மேற்கே போன பங்காளியைத் தேட: பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தின் இணையப் பதிவேடுகள் எப்படி?

காசு கிடையாது, விளம்பரம் வராது. ஆளின் பெயரை அடித்துத் தேடவும் முடியாது. பிரான்சில் எக்ஸ்-அன்-புரொவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம், பழைய பிரெஞ்சுக் காலனிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. அதைப் பற்றிய மதிப்பீடு இது. காரைக்கால், நாகப்பட்டினம், மாயவரம், கும்பகோணம் பக்கத்துக் குடும்பங்களில் 'புர்போனுக்குப் (இன்றைய ரெயூனியன் தீவு) போனார், திரும்பவில்லை' என்ற ஒரு வரியோடு நின்றுபோன கிளை இருந்தால், அதைக் காகிதத்தில் பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. பொறுமை இல்லாதவர்களுக்கு மட்டும் இது ஆகாது.

பலரும் இதற்கு முன்னால் இந்திய சென்சஸில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு குடும்பம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு மேற்கே நகர்ந்ததை அந்நாட்டு சென்சஸ் தாளிலேயே பார்த்துவிடலாம். 72 ஆண்டுகள் கழிந்ததும் வீட்டுவாரித் தாள்களை அவர்கள் திறந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் '1881 சென்சஸில் எங்கள் கொள்ளுப்பாட்டன் பெயர்' என்று இங்கே தேடிப் பயனில்லை. நம் ஊரில் வீட்டுவாரித் தாள்களை எண்ணிக்கை எடுத்ததும் கழித்துவிட்டார்கள். அச்சில் வந்தது கூட்டுத்தொகை மட்டும். இன்றைய நிலையிலும் 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி தனி ஆளின் சென்சஸ் பதிவைப் பார்க்கவோ சாட்சியமாகக் காட்டவோ முடியாது. ஆகவே 'பழைய சென்சஸ் நகல் எடுத்துத் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இல்லாத சரக்குக்கு விலை கிடையாது.

அதற்காக அந்த அறிக்கைகள் வீண் என்று சொல்ல முடியாது. சென்னை மாகாணத்தின் 1901, 1911 தொகுதிகளில் 11-ஆம் அட்டவணை பிறந்த இடத்தைப் பற்றியது. எந்த ஜில்லாவில் பிறந்தவர்கள் எந்த ஜில்லாவில் எண்ணப்பட்டார்கள் என்பது அதில் இருக்கும். உங்கள் கிளை கோயம்புத்தூர், நீலகிரி, மலபார் என்று தரைவழியே மேற்கே போயிருந்தால் திசையைச் சரிபார்க்க அது உதவும். ஆளைக் காட்டாது. சென்சஸ் துறையின் இணைய நூலகத்தில் பழைய தொகுதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடல்தாண்டிய மேற்குக்கு அந்த அட்டவணையால் ஒன்றும் ஆகாது, அங்கே பேசுவது கப்பலும் பதிவேடும்தான்.

இனி சேவைக்கு வருவோம். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஏறியவர்கள் போன இடங்கள் முக்கியமாக மூன்று: புர்போன் என்று நம்மவர்கள் கடைசிவரை சொல்லிவந்த ரெயூனியன், கரீபியன் கடலில் மார்த்தினிக், குவாதலூப். மார்த்தினிக்குக்கு முதல் கப்பல் 'ஒரேலி' 1853 மே மாதம் போய்ச் சேர்ந்தது. அதே கப்பல்தான் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதல் தொகுதி ஆட்களைக் கொண்டுபோனது. 1880-களின் கடைசிக்குள் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். ரெயூனியனுக்குப் போனவர்கள் இவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் அதிகம். மூன்று தீவுகளின் பதிவேடுகளும் ஒரே தளத்தில் இருப்பதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம்.

இன்னொரு பலம், பிரதி. காலனிப் பதிவேடுகளின் ஒரு படியைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-லேயே அரச ஆணை வந்துவிட்டது. 1902 மே 8 அன்று மோன் பெலே எரிமலை வெடித்து மார்த்தினிக்கின் சேன்-பியேர் நகரம் மொத்தமாக எரிந்தது. அந்த ஊர்ப் பதிவுகளை இன்று நாம் திரையில் பார்க்க முடிவது பிரான்சில் கிடந்த அந்தப் படியால்தான்.

வேலை செய்யும் முறை எளிது. முதலில் தீவு, அடுத்து ஊர், அடுத்து ஆண்டு. பதிவேடு திறந்ததும் முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். ஆண்டுப் பதிவேட்டின் கடைசியில் பெரும்பாலும் அகரவரிசைப் பட்டியல் இருக்கும். பத்தாண்டுப் பட்டியல் தனியாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் பெயரும் பதிவு எண்ணும் கிடைத்துவிடும். உள்ளே பதிவுகள் தேதி வரிசையில், எண் போட்டே இருக்கும். எனவே நடுப்பக்கத்துக்குத் தாவி, எண்ணைப் பார்த்து, முன்னாலோ பின்னாலோ பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஏழெட்டுத் தாவலில் பக்கம் வந்துவிடும். குடியேறிகளுக்கென்று அந்த ஊரில் தனிப் பதிவேடு இருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். பொதுப் பதிவேட்டில் மட்டும் தேடி 'ஆள் இல்லை' என்று மூடிவிடக் கூடாது. போனில் இந்த வேலை நடக்காது, பெரிய திரை வேண்டும்.

பெயர்த் தேடல் அல்ஜீரியாப் பதிவுகளுக்கு உண்டு, நமக்கு வேண்டிய தீவுகளுக்கு இல்லை. மதிப்பெண் இங்கேதான் குறைகிறது. ஆனால் பெயர்த் தேடல் இருந்திருந்தாலும் நம் பெயர்களுக்கு அது பாதிதான் உதவியிருக்கும். எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. சொன்னவருக்குப் பிரெஞ்சு தெரியாது. காதில் விழுந்ததை அவர் பிரெஞ்சு எழுத்தில் போட்டார். அதைத் திருப்பிப் படிக்கச் சில சாவிகள் வேண்டும்.

பிரெஞ்சில் 'ஓ', 'யூ' இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் உகர ஒலி. முத்துசாமியும் குப்பனும் அந்த இரட்டை எழுத்தோடுதான் இருப்பார்கள். நம் 'அன்' விகுதி பெரும்பாலும் 'ஐ', 'என்' என்ற இரண்டு எழுத்தில் முடியும்: வீரப்பன் 'விராப்பேன்' போலவும் கருப்பன் 'கருப்பேன்' போலவும் ஒலிக்கிற பெயர்களாகிவிட்டார்கள். பிள்ளை, 'புல்லே' ஆகி வீரப்பிள்ளை 'விராபுல்லே' என்று நிற்கும். 'அம்' விகுதி 'ஓம்' ஆகும். குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்ரி சிதாம்பரோம், எழுத்தைக் கழற்றிப் பார்த்தால் நம் சிதம்பரம்தான். ழகரம் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழனியாண்டி 'பனியாண்டி' ஆகி ழகரமே காணாமல் போன குடும்பப் பெயர் ரெயூனியனில் இன்றும் உண்டு. கணபதி 'கனபாதி', சுப்பிரமணியன் 'சுக்ரமணியேன்'. ஆகவே ஒரு பெயருக்குக் குறைந்தது ஐந்தாறு எழுத்துக்கூட்டலை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முதல் எழுத்தே மாறியிருக்கும் என்பதால் அகரவரிசைப் பட்டியலில் ஒரே எழுத்தை மட்டும் பார்ப்பது போதாது. ககரத்துக்கு இரண்டு எழுத்து, சகரத்துக்கு மூன்று எழுத்து பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லாததுதான். கப்பலேறியவர் முத்துசாமி, தகப்பன் ராமசாமி. தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த முத்துசாமியே குடும்பப் பெயராக உறைந்துபோனது. சில வீடுகளில் உறைந்தது தாயின் பெயர். ஊரில் தாலி கட்டி நடந்த கல்யாணம் பிரெஞ்சுப் பதிவில் ஏறாததால் சட்டப்படி அவர்கள் மணமாகாதவர்கள். பிள்ளை தாயின் பெயரில் பதிவாகிவிட்டது. இன்று மீனாட்சி, லட்சுமி, வள்ளியம்மை என்ற பெண் பெயர்கள் ரெயூனியனில் குடும்பப் பெயராக இருப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். எனவே பாட்டன் பெயரில் கிடைக்காவிட்டால் பாட்டி பெயரில் தேடுங்கள். பதிவின் இடது ஓரத்தையும் விடாதீர்கள். பின்னாளில் தகப்பன் வந்து பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டதும், பிறகு நடந்த திருமணமும் அங்கேதான் சின்ன எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். நம் ஊர்ப் பத்திரத்தில் பின்பக்கம் பார்க்காமல் விட்டால் என்ன ஆகுமோ, இங்கே ஓரத்தைப் பார்க்காவிட்டால் அதேதான்.

பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஒரு இருபது சொல் போதும். 'நெசான்ஸ்' பிறப்பு, 'மரியாழ்' திருமணம், 'தெசே' இறப்பு, 'ஃபீஸ்' மகன், 'ஃபீய்' மகள், 'மேர்' தாய், 'பேர் அங்கொன்யு' என்றால் தகப்பன் பெயர் தெரியாது, 'நவீர்' கப்பல், 'அங்காஷே' ஒப்பந்தக் கூலி, 'அபித்தாசியோன்' தோட்டம், 'மத்ரிக்யூல்' ஆளுக்குக் கொடுத்த எண். வார்த்தையின் கடைசி எழுத்தைப் பெரும்பாலும் உச்சரிக்க மாட்டார்கள் என்பதை நினைவில் வைத்தால் அடையாளம் காண்பது எளிது.

தேதியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஆண்டை இலக்கத்தில் எழுதாமல் சொல்லில் எழுதுவார்கள். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச் சொல் கிடையாது, அறுபதும் பத்தும் என்றுதான் சொல்ல வேண்டும். 1872 என்பது 'ஆயிரத்து எண்ணூற்று அறுபது பன்னிரண்டு' என்று இருக்கும். 'அறுபது' என்று படித்த உடனே 1860-களில் குறித்துக்கொண்டால் பத்தாண்டு தவறிப் போகும். அப்புறம் கப்பல் பெயரும் ஒத்துவராது, வயதும் ஒத்துவராது. எண்பது 'நான்கு இருபது', தொண்ணூறு 'நான்கு இருபது பத்து'. வரியை முழுக்கப் படித்துவிட்டுக் கூட்டுங்கள்.

ஊர்ப் பெயரிலும் பள்ளம் உண்டு. சேன்-பியேர் மார்த்தினிக்கிலும் இருக்கிறது, ரெயூனியனிலும் இருக்கிறது. போர்-லூயி என்றால் மொரீசியஸின் தலைநகரமும் ஆகலாம், குவாதலூப்பின் ஒரு சிற்றூரும் ஆகலாம். கபெஸ்தேர் குவாதலூப்பிலேயே இரண்டு. குடும்பத்தில் காதுவழி வந்த ஊர்ப் பெயரை வைத்துத் தீவை முடிவுசெய்யக் கூடாது. தீவு தெரியாத நிலையில் ஆரம்பிப்பவர்கள் தோட்டங்கள் அடர்ந்த ஊர்களிலிருந்து தொடங்கலாம்: குவாதலூப்பில் கபெஸ்தேர், மூல், சேன்-பிரான்சுவா, மார்த்தினிக்கில் பாஸ்-புவான்த், மக்கூபா, ரெயூனியனில் சேன்-ஆந்த்ரே, சேன்ட்-சூசான்.

நம் பக்கத்து ஊர்ப் பெயர்களும் அடையாளம் தெரியாத வேஷத்தில் இருக்கும். 'கிராந்த் அல்தே' என்றால் பெரிய கிராமம், அது திருமலைராயன்பட்டினம். 'கொச்சேரி' கோட்டுச்சேரி, 'நெதுங்காது' நெடுங்காடு, 'நெராவி' நிரவி, 'திர்னுலார்' திருநள்ளாறு. இவை காரைக்காலின் கொம்யூன்கள் (பிரெஞ்சு நகராட்சிப் பிரிவுகள்) என்பதால் தெளிவாகவே எழுதியிருப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், அதாவது ஆங்கிலேயர் பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு 'தஞ்சாவூர்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுவதும் உண்டு. அந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்கள் எல்லாம் அடக்கம். 'தஞ்சாவூரில் பிறந்தவர்' என்றால் தஞ்சாவூர் டவுனில் பிறந்தவர் என்று எடுத்துக்கொண்டு பெரிய கோயில் தெருக்களில் விசாரிக்கக் கிளம்பிவிடக் கூடாது.

இன்னும் ஒன்று, இதை வழிகாட்டி எழுதுபவர்கள் அதிகம் சொல்வதில்லை. பிரிட்டிஷ் எல்லைக்குள் பிரெஞ்சுக்காரர்கள் ஆள் எடுக்க அனுமதி கிடைத்தது ரெயூனியனுக்கு 1860 ஒப்பந்தத்திலும் மற்றத் தீவுகளுக்கு 1861 ஜூலை 1 ஒப்பந்தத்திலும்தான். அதற்கு முன் மாயவரம், நன்னிலம் பக்கத்து ஆளைக் கப்பலேற்ற வேண்டுமானால் அவர் காரைக்கால்காரராக இருந்தாக வேண்டும். எனவே அந்தத் தேதிக்கு முந்தைய பதிவில் 'காரைக்காலில் பிறந்தவர்' என்று இருந்தால் முழுசாக நம்பாதீர்கள். அரசலாறு தாண்டி வந்து ஏறியவராகவும் இருக்கலாம். 1861-க்குப் பின் வந்த பதிவுகளில் ஊர்ப் பெயருக்கு நம்பகம் கூடுகிறது.

வயதை ஐந்து கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும், கண்மதிப்பில் போட்டது. குலதெய்வத்தை வைத்து ஊரை ஊகிப்பதும் நடக்காது. மதுரை வீரனும் மாரியம்மனும் அந்தத் தீவுகளில் எல்லோருக்கும் பொது. நாகூர் ஆண்டவருக்குக் கொடி ஏற்றுபவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அது அழகான தடயம், ஆனால் முகவரி ஆகாது. வைத்தீஸ்வரன்கோயிலில் ஓலை பார்த்துக் கொள்ளுத்தாத்தா பெயரை எழுதி வந்தவர்கள் அந்தத் தாளைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

உறுதி எப்போது வரும் என்றால், மூன்று விவரம் ஒரே ஆளிடம் சேரும்போது: கப்பல் பெயர், மத்ரிக்யூல் எண், தகப்பன் பெயர். இறப்புப் பதிவில் கப்பலும் எண்ணும் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்குப் பின்னோக்கிப் போகலாம். பெயர் பொருந்தி எண் பொருந்தாவிட்டால் அது வேறு முத்துசாமி. ஒரே கப்பலில் நான்கு முத்துசாமி இருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

இந்தத் தளத்தில் பதிவுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிந்தையவற்றுக்கு அந்தந்த ஊர் நகராட்சிக்கு எழுத வேண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுக்குப் பின் யாருக்கும் திறந்தவை. இறப்புப் பதிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நகலுக்குக் கட்டணம் இல்லை.

பிரெஞ்சுத் தீவுகளில் கிடைக்காவிட்டால் அடுத்து மொரீசியசும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலும். மொரீசியசுக்கு 1834 முதல் ஆள் போனார்கள். அந்தக் குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860-களுக்குப் பின் வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமே உண்டு. ஆனால் வீட்டிலிருந்து பக்கம் புரட்டும் வசதியை எதிர்பார்க்காதீர்கள்; விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும், குடியேறியவரின் எண்ணோ வந்த ஆண்டோ இல்லாமல் எழுதினால் அலைச்சல்தான்.

நேட்டால் கப்பல் பட்டியல்கள் அமைப்பில் பிரெஞ்சுப் பதிவேடுகளைவிட மேல், சந்தேகமே இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' டர்பன் சேர்ந்ததிலிருந்து 1911 வரை போன 152,184 பேரும் வரிசை எண்ணோடு இருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை தனித்தனிக் கட்டம். தாலுகா இருப்பதால் 'தஞ்சாவூர்' என்ற கடலில் விழ வேண்டியதில்லை. ஷியாளி என்றால் சீர்காழி, மாயவரம் என்றால் இன்றைய மயிலாடுதுறை. அடுத்தடுத்த எண்ணில் இருப்பவர்களையும் பார்த்துவிடுங்கள், கணவன் மனைவி, அண்ணன் தம்பி பெரும்பாலும் வரிசையாகத்தான் நிற்பார்கள். 1866-க்கும் 1874-க்கும் இடையே ஆள் எடுப்பு நிறுத்தப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் போனதாகக் குடும்பக் கதை இருந்தால் கதையில் ஆண்டு தவறு, அல்லது போன இடம் தவறு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

படையாச்சி, முதலி, பிள்ளை என்று இன்றைய தென்னாப்பிரிக்கக் குடும்பங்கள் வைத்திருக்கும் பின்பெயரைப் பட்டியலின் பெயர்க் கட்டத்தில் தேடினால் பலருக்குக் கிடைக்காது. அங்கே ஒற்றைப் பெயர்தான், மற்றது சாதிக் கட்டத்தில்.

இந்தப் பக்கத்து முனையையும் கட்ட வேண்டும். கிராமம் தெரிந்த பிறகு தாலுகா அலுவலகத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் உதவும். சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவை ஒழுங்காகின்றன. கப்பலேறியவர் அதற்கு முன்னால் பிறந்திருப்பார் என்பதால் அவரைத் தேடாமல் ஊரில் நின்றுவிட்ட தம்பியின் இறப்பைத் தேடுங்கள். காரைக்கால் பகுதி என்றால் இன்னொரு வசதி: 1881 செப்டம்பர் 21 ஆணைக்குப் பின் இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்தால் பெயர் மாறிய தேதியைத் தெரிந்துகொள்ளாமல் பின்னோக்கிப் போக முடியாது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகம் இதெல்லாவற்றையும்விடச் சுருக்கு வழி.

மதிப்பெண் (ஐந்துக்கு): பதிவுகளின் தரத்துக்கு ஐந்து, தேடும் வசதிக்கு இரண்டு, விலைக்கு ஐந்து. தீவும் சுமார் ஆண்டும் தெரிந்தவர்கள் தாராளமாக இறங்கலாம். 'கப்பலில் போனார்' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவர்கள் முதலில் நேட்டால் பட்டியலைப் பார்த்துவிட்டு வரட்டும். நகராட்சிக்கு எழுதும்போது கடிதத்தைப் பிரெஞ்சிலேயே எழுதுங்கள், ஒரு கடிதத்துக்கு ஒரு பதிவு மட்டும் கேளுங்கள், ஆண்டும் பதிவு எண்ணும் பெயரின் எழுத்துக்கூட்டலும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். திருத்தித் தமிழ் ஒலிக்கு மாற்றி எழுதினால் அங்கே இருப்பவருக்கு ஆள் கிடைக்காது.